வெளியேறும் நாளின் கணக்கு

அமெரிக்காவில் முதன்முறையாகச் சொத்து வாங்கப் போகிறவருக்கு வீட்டுத் தரகரும் கடன் முகவரும் தவறாமல் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. டூப்ளெக்ஸ் வாங்கு, ஒரு பாதியில் குடியிரு, மறுபாதியை வாடகைக்கு விடு, உன் கடனை வாடகைக்காரர் கட்டிவிடுவார். தமிழ்நாட்டில் உள்ளேயே படி வைத்துக் கட்டிய இரண்டடுக்குத் தனிவீட்டுக்கு இந்தப் பெயர் வழங்குகிறது. அமெரிக்காவில் அது ஒரே கூரையின்கீழ் தனித்தனி வாசலும் தனித்தனி சமையலறையுமாக இரண்டு குடித்தனங்கள் இருக்கும் கட்டடம். கீழ்வீட்டில் வீட்டுக்காரர், மாடியில் குடித்தனக்காரர் என்ற ஏற்பாட்டை மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் பார்த்து வளர்ந்தவருக்கு இதில் புரியாதது எதுவுமில்லை. வாடகைச் சொத்துத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இந்த யோசனையை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணத்தை ஏற்க மாட்டேன். வாடகைக்காரர் கடனைக் கட்டுகிறாரா என்பது குடியிருக்கும்போது போடும் கணக்கு. டூப்ளெக்ஸை எடைபோட வேண்டியது, வாங்கியவர் அதைவிட்டு வெளியேறும் நாளின் கணக்கை வைத்து. அன்றைக்கு இரண்டு பாதியின் வாடகையும் சேர்ந்து வீட்டைத் தாங்குமானால் முதலீடு. தாங்காவிட்டால், குறைந்த செலவில் குடியிருக்க ஒரு வழி கிடைத்தது என்பதோடு சரி.

இந்தக் கட்டடங்கள் எப்படி வந்தன என்பதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் விலையும் பழுதும் அங்கிருந்தே வருகின்றன. சிக்காகோவில் ‘டூ-ஃபிளாட்’ எனப்படும் செங்கல் வீடுகள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தவை. செக், போலந்து நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் ஒரு தளத்தில் வாழ்ந்து, மறுதளத்து வாடகையில் கடனை அடைத்தன. மில்வாக்கியில் போலந்துக்காரர்கள் சின்ன மரவீட்டை அப்படியே தூக்கி நிறுத்தி, அடியில் இன்னொரு குடித்தனத்தைக் கட்டினார்கள். அதற்குப் ‘போலிஷ் ஃபிளாட்’ என்றே பெயர். நியூ ஆர்லியன்ஸில் நடுச்சுவரைப் பகிர்ந்துகொள்ளும் ‘ஷாட்கன் டபுள்’. பிறகு 1926இல் யூக்ளிட் வழக்கில் உச்ச நீதிமன்றம் மண்டலச் சட்டங்களுக்கு ஒப்புதல் தந்தது. தனிவீட்டைத் தவிர வேறெதுவும் கட்டக்கூடாத தெருக்கள் நாடெங்கும் பெருகின. இந்தத் தடையைத் தளர்த்தி மின்னியாபொலிஸ் நகரம் 2018இல் தன் திட்டத்தை மாற்றியது. ஓரிகன் மாநிலம் 2019இல் பத்தாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊர்களில் டூப்ளெக்ஸை அனுமதித்தாக வேண்டும் என்று சட்டம் போட்டது. ஆனாலும் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி பழைய சரக்குதான். நூறு வயதுக் கூரை, நூறு வயதுக் கழிவுநீர்க் குழாய். இதை வாங்குபவர் கணக்கில் பராமரிப்புக்கு ஒரு வரிகூட இல்லாமல் இருப்பதைப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கும். ஆனால் அடிக்கடி பார்க்கிறேன்.

டூப்ளெக்ஸுக்குக் கிடைக்கும் உண்மையான சலுகை கடன் சட்டத்தில் இருக்கிறது. 1934இல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், அதாவது எஃப்.எச்.ஏ., ஒன்றிலிருந்து நான்கு குடித்தனம்வரை உள்ள கட்டடத்தை ‘வீடு’ என்றே கொள்கிறது. வாங்குபவர் அறுபது நாளுக்குள் குடியேறி, குறைந்தது ஓராண்டு வசிக்க வேண்டும். கடன் மதிப்பெண் 580 இருந்தால் முன்பணம் 3.5 சதவீதம் போதும். வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனமும் 2023 நவம்பரில் விதியைத் தளர்த்தி, குடியிருக்க வாங்கும் இரண்டு முதல் நான்கு குடித்தனக் கட்டடத்துக்கு 5 சதவீத முன்பணத்தை அனுமதித்தது. அதற்குமுன் டூப்ளெக்ஸுக்கு 15 கேட்டது. இதே கட்டடத்தைக் குடியேறாமல் முதலீடாக மட்டும் வாங்கினால் 25 சதவீதம் வைக்க வேண்டும், வட்டியும் கூடுதல். நான்கு லட்சம் டாலர் வீட்டுக்கு 14,000 டாலரா, ஒரு லட்சமா என்பதுதான் வித்தியாசம். ஓராண்டு முடிந்து வெளியேறிய பிறகும் அந்தக் கடன் அதே வட்டியில், முப்பது ஆண்டுக்கு மாறாமல் தொடர்கிறது. வாடகைத் தொழில் செய்பவருக்கு வேறெங்கும் கிடைக்காத விலையில் பணம் கிடைக்கிறது என்பதே டூப்ளெக்ஸின் சாரம்.

அரசு குடும்பஸ்தருக்கென்று தரும் இந்தச் சலுகைக்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மூன்று, நான்கு குடித்தனக் கட்டடங்களுக்கு எஃப்.எச்.ஏ. ஒரு பரிசோதனை வைத்திருக்கிறது. வாங்குபவர் குடியிருக்கும் பகுதியையும் சேர்த்து எல்லாப் பகுதிகளின் சந்தை வாடகையையும் கூட்டி, காலியாகக் கிடக்கும் மாதங்களுக்கும் பராமரிப்புக்குமாகக் குறைந்தது 25 சதவீதத்தைக் கழித்துவிட்டு, மீதி வாடகை அசல், வட்டி, வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்த மாதத் தவணைக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குறைந்தால் அந்தத் தொகைக்குக் கடன் இல்லை. இரண்டு குடித்தனத்துக்கு மட்டும் இந்தப் பரிசோதனை கிடையாது. தரகர்கள் இதை டூப்ளெக்ஸின் வசதி என்று சொல்லி விற்கிறார்கள். தொடக்கக்காரரை மிகையான விலைக்கு வாங்கவைப்பது இந்த இடைவெளிதான் என்பது என் கருத்து. விதி கேட்காவிட்டாலும் வாங்குபவர் தானாகவே இந்தப் பரிசோதனையை நடத்த வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான். விலை 4 லட்சம் டாலர், ஒவ்வொரு பாதிக்கும் சந்தை வாடகை 1,800. முன்பணம் 14,000 போக 3,86,000 கடன், எஃப்.எச்.ஏ. தொடக்கத்திலேயே எடுக்கும் 1.75 சதவீதக் காப்பீட்டுக் கட்டணம் 6,755 டாலரைக் கடனோடு சேர்த்தால் 3,92,755. வட்டி 6.5 சதவீதம், முப்பது ஆண்டு என்றால் அசலும் வட்டியும் மாதம் சுமார் 2,480. ஆண்டுக்கு 0.55 சதவீதமாக வசூலிக்கும் கடன் காப்பீடு மாதம் 177. இவ்வளவு குறைந்த முன்பணம் வைத்தவருக்கு இந்தக் கட்டணம் கடன் முடியும்வரை போகாது. சொத்து வரி மாதம் 600, வீட்டுக் காப்பீடு 150 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 3,400ஐ ஒட்டி வருகிறது. ஒரு பாதியில் குடியிருந்தால் வாடகை 1,800 வந்து, கைப்பணம் 1,600 போகும். அதே அளவு வீட்டில் வாடகைக்கு இருந்தால் 1,800 போயிருக்கும். ஆகவே மாதம் 200 டாலர் மிச்சம் என்று தோன்றும். இந்த இடத்தில்தான் பலர் கணக்குப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். வெளியேறும் நாளுக்குப் பக்கத்தைப் புரட்டுங்கள். இரண்டு பாதியும் சேர்ந்து வாடகை 3,600. கால்பங்கைக் கழித்தால் 2,700. தவணை 3,400. மாதம் 700 டாலர் பள்ளம், அதற்கு மேல் புதிய வீட்டு வாடகை வேறு. இதே வாடகை தரும் கட்டடம் 3 லட்சத்துக்குக் கிடைத்து, சொத்து வரியும் அந்த விகிதத்தில் 450 ஆகக் குறைந்தால் மாதச் செலவு 2,600க்குள் அடங்கும், பரிசோதனை தேறிவிடும். ஆக, அந்த வாடகைக்கு இந்த வட்டியில் இந்தக் கட்டடம் தாங்கும் விலை 3 லட்சத்துக்குச் சற்று மேல். கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் குடியிருக்கும் வசதிக்குக் கொடுத்தது. அதைக் கொடுக்கலாம், தப்பில்லை. முதலீட்டுக் கணக்கில் மட்டும் எழுதக்கூடாது.

வெளியேறும் நாளன்று மாறுவது வாடகை மட்டுமல்ல என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். குடியிருப்பவர் என்பதற்காகக் கிடைத்த சலுகைகள் அன்றைக்கு ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். மிச்சிகனில் சொந்தமாகக் குடியிருக்கும் பகுதிக்குப் பள்ளிகளை நடத்த வசூலிக்கும் வரியில் ஆயிரம் டாலர் மதிப்புக்கு 18 டாலர்வரை விலக்கு உண்டு. குடிபெயர்ந்தால் அந்தப் பாதிக்கும் முழு வரி. குடியிருப்பவர் காப்பீட்டை வாடகை வீட்டுக் காப்பீடாக மாற்றியாக வேண்டும். நியூ ஜெர்சியில் தகுந்த காரணம் இல்லாமல் வாடகைக்காரரை வெளியேற்ற முடியாது. ஒப்பந்தக் காலம் முடிந்தது என்பது மட்டும் காரணமாகாது. ஆனால் வீட்டுக்காரரும் அங்கேயே வசிக்கும், இரண்டுக்கு மேல் வாடகைப் பகுதி இல்லாத வீட்டுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு இருக்கிறது. வீட்டுக்காரர் கிளம்பியதும் விலக்கும் கிளம்பிவிடும். ஜெர்சி சிட்டியில் டூப்ளெக்ஸ் வாங்கி, வாடகைக்காரரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டாம் ஆண்டில் வேறு சட்டம். 1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்திலும் உரிமையாளர் வசிக்கும் நான்கு குடித்தனம்வரையிலான கட்டடத்துக்கு ஒரு சிறு விலக்கு உண்டு. அதை நம்பி யாரும் எதுவும் செய்ய வேண்டாம் என்பேன். பாரபட்சமான விளம்பரத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது. இனத்தைக் காரணம் காட்டி மறுப்பதை 1866ஆம் ஆண்டுச் சட்டம் எந்த வீட்டிலும் அனுமதிப்பதில்லை. மாநிலச் சட்டங்கள் இன்னும் கறாரானவை.

இதற்கு வரும் முதல் மறுப்பு: வாடகை ஏறும், விலை ஏறும், பொறுத்திருந்தால் பள்ளம் தானாகத் தூர்ந்துவிடும். ஏறும் என்பதை நானும் மறுக்கவில்லை. மேலே சொன்ன 4 லட்சம் வீடு பரிசோதனையில் தேற, மொத்த வாடகை 3,600லிருந்து ஏறக்குறைய 4,550க்கு வர வேண்டும். ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறினாலும் எட்டு ஆண்டு ஆகும். அதுவும் வரியும் காப்பீடும் எட்டு ஆண்டு அசையாமல் நின்றால். அவை நிற்பதில்லை. ஃபுளோரிடாவிலோ லூயிசியானாவிலோ காப்பீட்டுக் கட்டணம் கட்டுபவரிடம் இதை விளக்க வேண்டியதில்லை. விலை ஏற்றத்தை நம்பி மாதப் பள்ளத்தைச் சுமந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு 2008இன் வீட்டுச் சந்தைச் சரிவு சாட்சி. சிக்காகோவின் தெற்கு, மேற்குப் பகுதிகளில் டூ-ஃபிளாட்கள் வரிசையாகக் கடன் கொடுத்தவர் வசம் போயின. ஒருவர் தவணையைத் தவறவிட்டால் இரண்டு குடும்பம் தெருவுக்கு வந்தது. கடனின் ஒரு பகுதி அசலாகக் கழிகிறதே என்பார்கள். முதல் மாதத் தவணையில் அசலுக்குப் போவது சுமார் 355 டாலர். மாதம் 700 பள்ளத்தில் பாதி. அதுவும் விற்கும்போதோ கடனைப் புதுப்பிக்கும்போதோதான் கைக்கு வரும், கொதிகலன் வெடித்த ஜனவரி இரவில் வராது.

வட்டி இறங்கும்போது கடனைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு மறுப்பு. டூப்ளெக்ஸ் வாங்கி முன்னேறியவர்களின் கதைகள் பெரும்பாலும் இந்த நம்பிக்கையைத்தான் ஊட்டுகின்றன. அந்தக் கதைகளின் தேதியைப் பாருங்கள். முப்பது ஆண்டு நிலையான வட்டியின் சராசரி 2021 ஜனவரியில் 2.65 சதவீதம், 2023 அக்டோபரில் 7.79. நம் உதாரண வீட்டில் வேறு எதையும் மாற்றாமல் வட்டியை மட்டும் 3.5க்கு இறக்கினால் பரிசோதனை தேறிவிடுகிறது. அதாவது, அந்த ஆண்டுகளில் வாங்கியவருக்கு 4 லட்சமே சரியான விலையாக இருந்திருக்கும். அவருடைய திறமையைக் குறை சொல்லவில்லை, ஆனால் வெற்றியில் பெரும்பங்கு வட்டியுடையது. அவர் எழுதி வைத்த வழியில் 6.5 சதவீதத்தோடு நடப்பவர் அதே ஊருக்குப் போய்ச் சேர மாட்டார். வட்டி மறுபடி 3.5க்கு இறங்கலாம், அது நடந்தால் லாபம், அதை நம்பி விலை பேசக்கூடாது.

இவ்வளவு கறாராகப் பார்ப்பதானால் டூப்ளெக்ஸே எதற்கு, நான்கு குடித்தனக் கட்டடம் வாங்கலாமே, அல்லது தனிவீடே வாங்கிவிட்டுப் பிறகு வாடகைக்கு விடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான்கு குடித்தனம் பரிசோதனை தேறும் விலைக்குக் கிடைத்தால் அதையே எடுங்கள். விலை உயர்ந்த கடலோர நகரங்களில் தேறுவது அபூர்வம், அனுபவம் இல்லாதவருக்கு நான்கு சமையலறையும் நான்கு குளியலறையும் நிறைய வேலை. தனிவீட்டில் குடித்தனக்காரர் காலிசெய்த மாதம் வருமானம் பூஜ்யம். டூப்ளெக்ஸில் பாதி மிஞ்சும். தனிவீடு இரண்டு என்றால் கூரை இரண்டு, அஸ்திவாரம் இரண்டு, டூப்ளெக்ஸில் ஒன்றுதான். இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. வாடகைத் தொழில் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில். விண்ணப்பத்தைச் சரிபார்ப்பது, ஒப்பந்தம் எழுதுவது, அட்வான்ஸை எந்தக் கணக்கில் வைப்பது, வாடகை தாமதமான ஆறாம் தேதி எப்படிப் பேசுவது. மாசசூசெட்ஸில் அட்வான்ஸ் ஒரு மாத வாடகையைத் தாண்டக்கூடாது. வட்டி தரும் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். தவறினால் மூன்று மடங்கு திருப்பித் தர நேரலாம். மாடியில் குடியிருக்கும் உரிமையாளர் என்பதற்காக அந்தச் சட்டம் தயை காட்டாது. இதையெல்லாம் ஒரே ஒரு வாடகைக்காரரை வைத்து, சுவருக்கு அப்பால் இருந்துகொண்டு கற்பதுதான் மலிவு.

பக்கத்திலேயே இருப்பது தொல்லை என்பவர்களுக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. உண்மையிலேயே தொல்லைதான். குழந்தை ஓடும் சத்தம், வாகனம் நிறுத்தும் சண்டை, விருந்தாளி வந்திருக்கும்போது கதவைத் தட்டும் குழாய்ப் புகார். வாடகை வாங்குபவரும் கொடுப்பவரும் ஒரே நடைபாதைப் பனியைத் தள்ளும்போது கண்டிப்பு தளரும். தளர்ந்தால் வாடகை பின்தங்கும். இந்த நெருக்கம் ஒத்துவராதவர் டூப்ளெக்ஸ் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. அதே நெருக்கம்தான் கூரை ஒழுகலை முதல் மழையிலேயே காட்டிக்கொடுக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றில் இரண்டைத்தான் விரித்துச் சொல்வேன்; மற்றதை வீட்டுப் பரிசோதகர் பார்த்துக்கொள்வார். முதலாவது, அந்த இரண்டாவது குடித்தனம் சட்டப்படி குடித்தனம்தானா என்பது. தரைக்கடியில் ஒரு சமையலறையைச் செருகிவிட்டு விளம்பரத்தில் ‘இரண்டு குடும்ப வீடு’ என்று போடுவது சர்வசாதாரணம். நகராட்சிப் பதிவில் ஒரு குடும்ப வீடு என்றிருந்தால் அந்த வாடகையை வங்கி கணக்கில் எடுக்காமல் போகலாம், நகராட்சி காலிசெய்யச் சொல்லலாம், விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் கையை விரிக்கலாம். நகராட்சி அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்காமல் முன்பணம் தரக்கூடாது. இரண்டாவது, மீட்டர். பழைய கட்டடங்களில் மின்சாரம் பிரிந்திருக்கும், எரிவாயு பிரிந்திருக்காது. ஒரே கொதிகலன் இரண்டு வீட்டுக்கும் சூடு தரும். பஃபலோ குளிரில் மாடிக்காரர் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெப்பமானியை ஏற்றினால் பில் வீட்டுக்காரருடையது. தனித்தனி மீட்டர் உள்ள கட்டடத்துக்குச் சற்றுக் கூடுதல் விலை தரலாம் என்பது இந்தக் கட்டுரையில் நான் கொடுக்கும் ஒரே தளர்வு. 1978க்கு முன் கட்டிய வீடானால் ஈயப் பெயின்ட் பற்றி வாடகைக்காரருக்கு எழுத்தில் தெரிவிப்பது சட்டக் கடமை. சின்னக் குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு அது காகிதச் சடங்கு இல்லை.

வரியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வாடகைக்கு விட்ட பாதியின் கட்டட மதிப்பை, நிலத்தை நீக்கிவிட்டு, 27.5 ஆண்டில் தேய்மானமாகக் கழிக்கலாம். விற்கும்போது ஐந்தில் இரண்டு ஆண்டு வசித்தவருக்கு 2.5 லட்சம் டாலர்வரை, தம்பதிக்கு 5 லட்சம்வரை, லாபத்துக்கு வரி இல்லை என்ற சலுகை குடியிருந்த பாதிக்கு மட்டுமே பொருந்தும். விலை ஏற்றத்தை நம்புவோர் மறக்கும் இன்னொரு வரி இது.

எச்1பி விசாவில் இருக்கும் தமிழர்கள் கவனிக்க வேண்டியது, 2025 மே 25 முதல் நிரந்தர வசிப்புரிமை இல்லாத வெளிநாட்டவருக்கு எஃப்.எச்.ஏ. கடன் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய அறிவுரைகளில் வரும் 3.5 சதவீதம் அவர்களுக்கு இனி இல்லை. ஃபேனி மேயின் 5 சதவீத வழி திறந்திருக்கிறது. சொத்து வைத்திருப்பதற்கும் வாடகை வாங்குவதற்கும் விசா தடையில்லை. ஆனால் குழாயை நாமே மாற்றி, பெயின்ட்டை நாமே அடித்து, நாள்தோறும் நிர்வாகம் பார்ப்பது அனுமதியற்ற வேலையாகக் கருதப்படலாம் என்று குடியேற்ற வழக்கறிஞர்கள் எச்சரிக்கிறார்கள். ஆகவே அவர்கள் கணக்கில் நிர்வாகச் செலவு முதல் மாதத்திலிருந்தே ஒரு வரியாக இருக்க வேண்டும். வேலை போனால் அறுபது நாளில் நாட்டைவிட்டுக் கிளம்ப நேரலாம் என்ற நிலையில் உள்ளவருக்கு வெளியேறும் நாள் என்பது தானே தேர்ந்தெடுக்கும் நாளும் அல்ல.

டூப்ளெக்ஸைத் தொடக்கம் என்று சொல்வதே அடுத்ததை வாங்கப் போகிறோம் என்பதால்தான். அந்த அடுத்த கடனுக்குப் போகும்போது வங்கி முதல் கட்டடத்தின் வாடகை ஒப்பந்தங்களைக் கேட்கும். இரண்டு பாதிக்குமான வாடகையில் 75 சதவீதத்தை எடுத்துக்கொண்டு அதிலிருந்து முழு மாதத் தவணையைக் கழிக்கும். மிச்சம் இருந்தால் வருமானத்தோடு கூட்டும். பள்ளம் இருந்தால் அதைக் கார் கடன், கல்விக் கடனோடு சேர்த்து மாதக் கடன் சுமையாக எழுதும். 4 லட்சத்துக்கு வாங்கியவரின் விண்ணப்பத்தில் அந்த 700 டாலர் அப்போது கடனாக ஏறும், அடுத்த வீட்டுக்கு அவர் வாங்கக்கூடிய தொகை அந்த அளவுக்கு இறங்கும். 3 லட்சத்துக்கு வாங்கியவருக்கு அதே இடத்தில் 100 டாலர் வருமானம் நிற்கும்.